தள்ளிப்போட்டவர்கள்

ஜனவரி 20

ஊரிலிருந்து வந்த பேருந்து விடிவதற்கு முன்பே கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டது. விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு, அம்மா கட்டிக் கொடுத்த அதிரசத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். பக்கத்து மேசை டெரன்ஸ் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "ஈஸ்வரி, உங்க ஊர்ல இத வச்சு ரோடு போடுவாங்களா?" என்றான். கேட்டுக்கொண்டே நாலு தின்றான்.

பொங்கலுக்கு அப்பாவும் ஒரு கேள்வி கேட்டார். "நீ அங்க என்ன வேலதான் பாக்க, தாயி?"

"ஒரு சட்டம் வந்தா அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகும்னு கணக்குப் போடுறோம்ப்பா."

"வந்த பெறகா?"

"வர்றதுக்கு முன்னாடியே."

"ஆகாத செலவுக்குக் கணக்கா? அதுக்குச் சம்பளமும் குடுக்காங்களா?" சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீ மாஸ்டராக இருப்பவர். அன்று மாலைக்குள் கடைக்கு வந்த எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இன்று எங்கள் பிரிவுத் தலைவர் ஜெயசீலன் சார் புதிய வேலை கொடுத்தார். சிகிச்சைக்கால ஊதிய ஈட்டு மசோதா. அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் கூலி வேலை செய்பவர்களுக்கு, படுத்திருக்கும் நாட்களின் கூலி போய்விடுகிறது. அதற்குப் பயந்தே பலர் வருவதில்லை. இந்தச் சட்டம் வந்தால் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கும் நாட்களுக்கு, நாளுக்கு நானூறு ரூபாய், நாற்பது நாட்கள்வரை அரசு கொடுக்கும். போன வருடம் இரண்டு மாவட்டங்களில் ஆறு மாதம் சோதனையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிவிவரத்தை வைத்து ஐந்து வருடச் செலவை நாங்கள் சொல்ல வேண்டும்.

"ஒரே ஒரு எல்லைதான்," என்றார் சார். "அஞ்சாவது வருஷச் செலவு தொள்ளாயிரம் கோடியத் தாண்டக் கூடாது. தாண்டினா மாநிலத்தோட பற்றாக்குறை, நிதிப் பொறுப்புச் சட்டத்துல சொன்ன உச்சவரம்புக்கு மேல போயிரும். அப்புறம் மசோதா அலமாரிக்குப் போயிரும்."

அம்மாவுக்கு முதுகு வலி. நிற்கும்போது அடிவயிற்றில் கை வைத்துக்கொள்கிறாள். தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுதும் பண்டல் தூக்கினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 28

டெரன்ஸின் கணக்கு வந்துவிட்டது. ஆயிரத்து நானூறு கோடி.

அவன் செய்தது எளிது. ஆறு மாதத்தில் வந்தவர்களை இரண்டால் பெருக்கினால் ஒரு வருடம். இரண்டு மாவட்டத்தை மாநிலம் முழுவதற்கும் விரித்தான். பிறகு வருடத்துக்குப் பத்து விழுக்காடு வளர்ச்சி. தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. திட்டம் தொடங்கியதும் ஆபரேஷன் எண்ணிக்கை இரண்டரை மடங்காகியிருக்கிறது.

"இலவசம்னா எறும்பு வர்ற மாதிரி வர்றாங்க," என்றான் டெரன்ஸ். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் பந்தி பார்த்தவன் சொல்வது மாதிரி சொன்னான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அவ்வளவுதான். இன்னொரு தடவ சரிபாத்துட்டு அனுப்பிருவோம். ஈஸ்வரி, நீ ஒரு பார்வ பாரும்மா."

சரி சார் என்றேன். கூட்டத்தில் நான் இன்று பேசியது அந்த இரண்டு சொற்கள்தான்.

பிப்ரவரி 1

விடுதியில் துவைக்கும் இயந்திரம் பழுது. வாளியில் துவைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பிப்ரவரி 2

ஞாயிற்றுக்கிழமை. அம்மா எடுத்தாள்.

"நேத்து படுத்துட்டேன் பிள்ள. ஒண்ணுமில்ல, அசதி."

"டாக்டர்ட்ட போனியா?"

"போகணும். பங்குனிப் பொங்கல் கழியட்டும்."

"தீபாவளி கழியட்டும்னு சொன்ன. அப்புறம் தைப்பொங்கல்னு சொன்ன."

"எல்லாந்தான கழிஞ்சிருச்சு," என்று சிரித்தாள். "ரெண்டு மாசம் படுக்கச் சொல்லுவாகளாம்டி. எவ படுக்க? கணக்கப்பிள்ள வேற ஆள வச்சிட்டுப் போயிருவான்."

"முதுகு வலிக்கு எதுக்கு ரெண்டு மாசம்?"

அம்மா பேச்சை மாற்றினாள். பக்கத்து வீட்டில் குழம்பு என்ன என்று சொல்ல ஆரம்பித்தாள். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்கும் அம்மாவுக்கும் அது வசதியாக இருந்தது.

பிப்ரவரி 4

ஒரு விஷயம் தோன்றியிருக்கிறது. சரியா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

ஓர் ஆபரேஷனை ஒருத்தி பத்து வருடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறாள். கூலிக்கு வழி பிறந்ததும் வருகிறாள். செய்துகொள்கிறாள். அடுத்த வருடம் அதே ஆபரேஷனுக்கு அவள் வர மாட்டாள். அப்படியானால் முதல் ஆறு மாதம் வந்த கூட்டம் ஆறு மாதத்து நோயாளிகள் இல்லை. பத்து வருடத்து நோயாளிகள். அணையைத் திறந்த அன்று ஓடிய தண்ணீரை அளந்து, ஆற்றில் வருடம் முழுதும் இப்படியே ஓடும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். கண்புரை, குடலிறக்கம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. 'மற்றவை' என்ற வரிசையில்தான் மலைபோல் ஏறி இறங்குகிறது. முதல் மாதம் ஆயிரத்து நூறு பேர். ஆறாம் மாதம் இருநூற்று இருபது. அந்த 'மற்றவை'யில் என்ன இருக்கிறது என்று மாவட்டப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் ஒரே நோய்தான்.

டீ குடிக்கும்போது டெரன்ஸிடம் சொன்னேன். அணையைப் பற்றிச் சொன்னேன், நோயின் பெயரைச் சொல்லவில்லை. அவன் டீயை வைத்துவிட்டு யோசித்தான்.

"குறைஞ்சதுக்கு வேற காரணம் இருக்கலாமே. டாக்டர் லீவுல போயிருப்பாரு. ஆபரேஷன் தியேட்டர் ரிப்பேர் ஆயிருக்கும். அறுவடைன்னா ஜனங்க வர மாட்டாங்க. அத எப்படித் தள்ளுவ?"

நல்ல கேள்வி. விடை தேட வேண்டும்.

பிப்ரவரி 6

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

டெரன்ஸின் கேள்விக்கு விடை காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. தியேட்டர் மூடியதால் ஆபரேஷன் குறைந்திருந்தால், வெளியே காத்திருப்பவர்கள் கூடியிருக்க வேண்டும். உண்மையிலேயே ஆட்கள் தீர்ந்துகொண்டிருந்தால் அந்தப் பட்டியலும் சுருங்கியிருக்கும். சோதனை நடந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்சிங் சூப்பரிண்டெண்ட் சகாயமேரி அம்மா எடுத்தார்.

"யாரும்மா? கேக்கல. இங்க ஜெனரேட்டர் ஓடுது, சத்தமாப் பேசுங்க!"

"மேடம், அந்த... பெண்களுக்கான ஆபரேஷன் பத்தி..."

"எந்த ஆபரேஷன்? இங்க ஏழெட்டு நடக்குது!"

"கர்... கர்ப்ப..."

"கத்திச் சொல்லுங்கம்மா!"

"கர்ப்பப்பை இறக்கம் மேடம்!"

டெரன்ஸ் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினான். ஜெயசீலன் சாரின் அறைக்கதவு கொஞ்சம் திறந்து, மூடிக்கொண்டது.

அந்தப் பக்கம் சகாயமேரி அம்மா, "ஓ, அதுவா," என்று சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். "மொத மூணு மாசம் எங்களுக்கு உக்கார நேரமில்லம்மா. வெயிட்டிங்ல நானூறு பேரு. கடேசியில அம்பது அறுவதுதான். தியேட்டர்லாம் ஒரு நாளும் மூடல. வந்தவங்கள்ல பாதிப் பேரு பதினஞ்சு வருஷம், இருவது வருஷம்னு துணிய வச்சுக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போனவங்க. சுமை தூக்குறவங்க, நாத்து நடுறவங்க. ஏம்மா இத்தன நாள் வரலைன்னு கேட்டா, 'ஏதாவது கழியட்டும்னு இருந்தேன் சிஸ்டர்'ங்கிறாங்க. என்ன கழியணுமோ!"

நன்றி சொல்லி வைத்தேன். கேஸ் ஷீட்டுகளில் எத்தனை வருடமாகத் தொந்தரவு என்று எழுதியிருக்கிறார்களாம். உரிய அனுமதியோடு, பெயர்கள் இல்லாமல், அந்த வருடங்களை மட்டும் தொகுத்து அனுப்புகிறேன் என்றார்.

டெரன்ஸ் வந்து மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தான். கேலி செய்வான் என்று நினைத்தேன். "எங்க சித்திக்கும் இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 10

நானூற்று எண்பது கோடி!

தேங்கியிருந்தவர்கள் இரண்டரை வருடத்தில் வந்து முடிந்துவிடுவார்கள் என்று வைத்துக் கணக்கிட்டால், ஐந்தாவது வருடச் செலவு அவ்வளவுதான். தொள்ளாயிரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. டெரன்ஸ் தன் கணக்கைத் தானே அழித்துவிட்டு என்னுடையதைப் போட்டான். "நான் பந்தியில முதல் வரிசைய மட்டும் எண்ணியிருக்கேன்," என்றான்.

விடுதியில் இரவு உப்புமா. நன்றாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 11

ஜெயசீலன் சார் என் கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாராட்டுவார் என்று நினைத்துப் போனேன்.

"அணை நல்ல யோசனைம்மா. ஆனா மழையே பெய்யாதா?"

புரியவில்லை.

"பழைய ஆளுங்க வந்து முடிஞ்சிருவாங்க, சரி. ஒவ்வொரு வருஷமும் புதுசா இந்த நோய் வர்ற பொம்பளைங்க எத்தன பேரு? உன் கணக்குல ஒருத்தர்கூட இல்லையே. அஞ்சாவது வருஷத்துக்குள்ள இந்த நோயே ஒழிஞ்சிரும்னு எழுதியிருக்க."

உண்மை. அந்த வரிசையையே நான் போடவில்லை. மறந்தேனா, போடாமல் விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

சார் குரலை உயர்த்தவில்லை. "தொகை குறையணும்னு உனக்கு ஆசை இருக்கு. இருக்கட்டும், தப்பில்ல. ஆனா ஆசைப்படுற தொகையத்தான் ரெண்டு தடவ சோதிக்கணும். குறைச்சுச் சொல்லிச் சட்டம் வந்து, மூணாவது வருஷம் பணமில்லைன்னு நிறுத்தினா, நம்பி ஆஸ்பத்திரியில படுத்தவ கதி என்ன?"

"சரி சார்."

"இது உனக்கு எப்படித் தோணுச்சு? முதல்ல?"

"சும்மா தோணுச்சு சார்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு போகச் சொன்னார்.

பிப்ரவரி 12

எழுத ஒன்றுமில்லை. புதிய நோயாளிகளைச் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. பயந்து என்ன, சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 17

எழுநூற்று எண்பது.

இந்தமுறை எல்லாவற்றையும் எனக்கு எதிராகவே வைத்துக் கணக்கிட்டேன். புதிய நோயாளிகளைக் கூடுதலாகவே போட்டேன். சகாயமேரி அம்மா அனுப்பிய வருடங்களின் சராசரி ஒன்பது. அதிலும் எனக்குச் சாதகமான, மிக நீண்ட காலம் காத்திருந்தவர்களை விட்டுவிட்டுப் பார்த்தேன். மிக மோசமாக நினைத்தாலும் எண்ணூற்று எண்பதில் நிற்கிறது. தொள்ளாயிரத்தைத் தொடவில்லை.

முதல் இரண்டு வருடம் மட்டும் கூட்டம் தாங்காது. மாநிலம் முழுதும் ஒரே நாளில் தொடங்காமல், மூன்று மண்டலமாகப் பிரித்து ஒவ்வொன்றாகத் தொடங்கினால் அந்த மேடும் எல்லைக்குள் அடங்கிவிடும். இது டெரன்ஸின் யோசனை. சார் இரண்டு முறை சோதித்துவிட்டு, "இது நிக்கும்," என்றார்.

இன்று நன்றாகத் தூங்கலாம்.

பிப்ரவரி 24

கோட்டையில் கூட்டம். சார், டெரன்ஸ், நான். எதிரே நிதித்துறை அதிகாரிகள் ஐந்து பேர். நடுவில் அவர்களின் மேலதிகாரி திலகவதி மேடம். அவர் ஏற்றுக்கொண்டால்தான் மசோதாவோடு எங்கள் மதிப்பீடு சேரும். அப்போதுதான் அது சபைக்குப் போகும்.

சார் விளக்கினார். எல்லாம் நன்றாகப் போனது. பிறகு ஓர் அதிகாரி விரலால் தாளைத் தட்டினார்.

"மொத்தக் குறைவும் இந்த 'மற்றவை'யிலதான் வருது. 'மற்றவை'ன்னா எதையும் போடலாம். என்ன இருக்கு இதுல?"

சார் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், ஆனால் அவர் சொல்லவில்லை. டெரன்ஸ் மற்றவர்கள் பார்க்காமல் தன் கையைக் காதுக்குக் கொண்டுபோய், ஜெனரேட்டர் சத்தத்தில் போன் பேசுகிற மாதிரி செய்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் தொண்டை திறந்துவிட்டது.

"கர்ப்பப்பை இறக்கம் சார்."

இரண்டு பேர் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். திலகவதி மேடம் குனியவில்லை. "எத்தன பேரு?"

"ஆறு மாசத்துல நாலாயிரத்து இருநூறு பேரு மேடம். சராசரியா ஒன்பது வருஷம் தள்ளிப்போட்டிருக்காங்க. சுமை தூக்குற வேலைக்குப் போற பொம்பளைங்க. ஆபரேஷன் முடிஞ்சா கனம் தூக்கக் கூடாது, ரெண்டு மாசமாவது ஓய்வு வேணும். வேலை போயிரும்னுதான் வராம இருந்திருக்காங்க. ஒரு தடவ பண்ணிக்கிட்டா அனேகமா திரும்ப வர மாட்டாங்க. அதனாலதான் முதல்ல ஏறி அப்புறம் இறங்குது."

இவ்வளவு நீளமாக நான் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை.

"நாலாயிரமா," என்றார் மேடம். "ரெண்டே மாவட்டத்துல." பேனாவை எடுத்து 'மற்றவை'யை அடித்துவிட்டு, அதற்குமேல் நோயின் பெயரைத் தன் கையால் எழுதினார். "பேரு போட்டே அனுப்புங்க. மண்டலம் பிரிக்கிறது நல்ல யோசனை. தென் மாவட்டங்கள்ல முதல்ல தொடங்கலாம்."

காரில் திரும்பினோம். மெரினாவில் நல்ல காற்று. அடையாறு வந்ததும் சார் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"அம்மா எப்படிம்மா இருக்காங்க?"

நான் அவரிடம் அம்மாவைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"முதுகு வலி சார்," என்றேன். பிறகு, "இல்ல சார், முதுகு வலி இல்ல," என்றேன்.

"போய்க் கேளு," என்றார்.

மார்ச் 20

மசோதா நிறைவேறிவிட்டது. பேரவையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம். டெரன்ஸ் எல்லாருக்கும் சமோசா வாங்கினான். சட்டம் நடைமுறைக்கு வர ஆகஸ்ட் ஆகும்.

மார்ச் 22

அம்மாவிடம் கேட்டேன். விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி, யாரும் இல்லாதபோது.

"அம்மா, உனக்கு அடி இறங்குதா?"

மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அதை நிறுத்தினாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நாங்க ஒரு கணக்குப் போட்டோம். ரெண்டு மாவட்டத்துல மட்டும் நாலாயிரத்து இருநூறு பேருக்கு இருந்திருக்கு. எல்லாருக்கும் ஆபரேஷன் ஆகி நல்லா இருக்காங்க."

"எத்தன பேருன்ன?"

"நாலாயிரத்து இருநூறு."

"எல்லாரும் வேலைக்குப் போயிக்கிட்டேவா இருந்தாளுக?"

"ஆமா."

"அடிப் பாவி மக்கா!" என்றாள். "எனக்கு மட்டுந்தான்னுல்ல நெனச்சேன். நான் ஏதோ ஒழுங்காப் பத்தியம் இருக்காம, ஒன்னியப் பெத்த மறுவாரமே வேலைக்குப் போனதுல வந்துச்சுன்னு. ஒங்க அப்பாட்டகூட வாயத் தெறக்கல."

நான் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். ஏற்கெனவே பிழிந்த துணி.

"ஏ பிள்ள, ஒன் சட்டம் வந்த பெறகு போகவா, இப்பவே போகவா?"

"இப்பவே."

"காசு வருமேடி."

"இப்பவேம்மா. ஆகஸ்ட் கழியட்டும்னு சொல்லாத."

அம்மா சத்தமாகச் சிரித்தாள். "டாக்டரம்மா எந்தக் கிழம பாக்காகன்னு கேட்டுச் சொல்லு."

ஏப்ரல் 9

மாவட்ட ஆஸ்பத்திரி. நான் விடுப்பில் வந்திருக்கிறேன். நேற்று முன்தினம் ஆபரேஷன். நன்றாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து சொன்னபோது அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எனக்கு டீ வாங்கிவர மூன்று முறை போனார். மூன்று டீயையும் அவரே குடித்தார்.

அம்மா தனியாக வரவில்லை. நான் சொன்ன எண்ணிக்கையை மறுநாளே தீப்பெட்டி ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த சண்முகத்தாய் அத்தை, "எனக்குந்தான் மைனி," என்றாளாம். காளியம்மா சித்தி பண்டலைக் கீழே வைத்துவிட்டு அழுதாளாம். மூன்று பேரும் ஒன்றாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள். "மூணு பேருக்கும் ஒரே நேரத்துல லீவா? இதென்ன டூரா?" என்று கணக்கப்பிள்ளை கத்தியிருக்கிறான். "ஆமா, குத்தாலத்துக்கு. வாறீகளா?" என்றாளாம் அத்தை. வேலை இருக்குமா என்று தெரியாது. மூன்று பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் பதிலுக்கு அவனுக்கு ஆள் கிடைக்காது என்று சித்தி உறுதியாகச் சொல்கிறாள்.

டெரன்ஸிடம் சொன்னேன். "ஒரே ஃபேக்டரியில மூணா? உன் கணக்கு முதல் மாசக் கூட்டத்தக் குறைச்சுல்ல சொல்லியிருக்கு," என்று செய்தி அனுப்பியிருக்கிறான். திரும்பிப் போனதும் பார்க்க வேண்டும்.

பகல் இரண்டு மணி. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மின்விசிறி சுற்றுகிறது. அத்தை வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். அம்மா நடுக்கட்டிலில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, லேசாகக் குறட்டை விடுகிறாள்.

அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு நேரம் தூங்குவாள் என்று தெரியவில்லை. நான் எழுப்பப்போவதில்லை.